அட்டை நகர்கிற மாதிரி ஒரு கோடு

தேயிலை மலையில் நின்று வேலை செய்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை விட்டதும் கணுக்காலைத் தேடி வரும்போது அது நூல் மாதிரித்தான் இருக்கும். முன்முனையை ஊன்றிப் பின்னுடம்பை இழுத்துக்கொள்ளும். அப்போது நடுவில் பருக்கும். மறுபடி நீளும், மெலியும். சீன ஓவியர்கள் ஒரு கோட்டுக்கு அட்டைக்கோடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மெலிந்து தொடங்கி, பருத்து, திரும்ப மெலிந்து, நெளிந்து போகிற கோடு அது. மிங் அரசர் காலத்தில் உடைமடிப்பு வரையும் கோடுகளை 18 வகையாகத் தொகுத்தார்கள். அந்தப் பட்டியலில் மற்றப் பெயர்களும் இப்படித்தான்: மண்புழு, காய்ந்த விறகு, மூங்கில் இலை, முறிந்த நாணல், ஆணித்தலை எலிவால். முதன்முதலில் இதைக் கேட்ட அன்று தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் காலடியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். காய்ந்த விறகுக்கு எங்களிடம் மிலாறு இருந்தது. நாணலுக்கு மாணாப்புல் இருந்தது.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் 20 வருடத்துக்கு மேல் சித்திரம் படிப்பித்தவள். எனக்குப் பிரஷ் பிடிக்கக் காட்டித் தந்தவர் டவுனில் பல் கட்டிய ஒரு சீனத்து ஐயா. இலங்கையின் பல டவுன்களில் சீனக் குடும்பங்கள் அந்தத் தொழிலைச் செய்துவந்தன. அம்மாவுக்குப் பல் செட் கட்டப் போன இடத்தில், ஆள் இல்லாத நேரம் அவர் பழைய பேப்பரில் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். வேறொன்றும் வரையமாட்டார், கோடு மட்டும்தான். நான் பக்கத்தில் போய் நிற்பேன். சிங்களம் நன்றாகப் பேசுவார், தமிழ் கொஞ்சம்தான். ஒருநாள் பிரஷை என் கையில் தந்து, நான் இழுத்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மகள், கை இல்லை. தோள்." என் பாடம் அங்கேதான் தொடங்கியது. உங்களுக்கும் அங்கிருந்தே தொடங்கித் தருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பென்சிலில் நாம் ஒரு பொருளின் ஓரத்தைக் கீறிப் பழகியிருக்கிறோம். ஓரம் கீறி, உள்ளே நிழல் அடித்து, அப்புறம் கலர். சீனத்தில் நிழலும் கலரும் இல்லாமல் கறுப்புக் கோட்டால் மட்டுமே முடிக்கிற ஓவியத்துக்குப் பாய்மியாவ் என்று பெயர். 'பாய்' என்றால் வெறுமை, வெள்ளை. 'மியாவ்' என்றால் கோடிட்டு வரைதல். சொங் காலத்தில் லீ கொங்லின் (1049–1106) இதைத் தனிக் கலையாகவே உயர்த்தினார். அரசருக்குத் திறையாக வந்த ஐந்து குதிரைகளை அவர் வரைந்த சுருள் இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு குதிரையின் வயிற்றை ஒரே கோடு தாங்கி நிற்கிறது. எங்கே சதை தொங்குகிறதோ அங்கே கோடு மெதுவாகிறது, எலும்பு முட்டுகிற இடத்தில் இறுகுகிறது. நிழலே அடிக்காமல் குதிரையின் கனம் தெரிகிறது. அவருக்கும் 500 வருடத்துக்கு முன்னால் ஷியெ ஹெ என்பவர் ஓவியத்துக்கு ஆறு விதி எழுதிவைத்தார். இரண்டாவது விதி, பிரஷைப் பிடித்து எலும்பை உண்டாக்குவது. ஆகவே கோடு என்பது வேலி அல்ல, எலும்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சாமான்கள்

பிரஷ்தான் முக்கியம், மற்றதில் சமாளிக்கலாம். கோட்டுக்குச் சீனர்கள் எடுப்பது லாங்ஹாவ். சொல்லுக்கு ஓநாய் முடி என்று பொருள் வந்தாலும், உண்மையில் அது கீரி மாதிரி ஒரு சிறு விலங்கின் வால் முடி. விறைப்பானது, அழுத்திவிட்டு எடுத்தால் உடனே நிமிரும். ஆட்டு முடிப் பிரஷ் மெத்தென்று நிறைய நீர் குடிக்கும். அது பூச்சுக்கு நல்லது, தொடக்கத்தில் கோட்டுக்கு வேண்டாம். லாங்ஹாவ் கிடைக்காவிட்டால் வாட்டர் கலருக்கு விற்கிற உருண்டைப் பிரஷில் 2ஆம் அல்லது 3ஆம் நம்பர், முடி நீளமாக உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கடையிலேயே நனைத்து உள்ளங்கையில் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். நுனி தானாக ஒன்றுசேர வேண்டும். பிரிந்து நின்றால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். (நம் கண்டிச் சித்திரக்காரர்கள் விகாரைச் சுவர்களில் நுண்கோடு போட தெலிதண என்ற புல்லையே பிரஷாகக் கட்டியிருக்கிறார்கள். தேவையானது கூர்மையும் துள்ளலும்தான்.)

மை. போத்தல் மையில் பழகலாம், தப்பில்லை. ஆனால் ஒரு மைக்கட்டி கிடைத்தால் விடாதீர்கள். எண்ணெய் விளக்கின் கரியைத் தட்டில் பிடித்து, பசையோடு பிசைந்து, அச்சில் இட்டுக் காயவைத்ததுதான் அது. பிள்ளைக்குக் கண்மை செய்ய அகல் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நமக்கும் இரண்டுக்கும் ஒரே சொல், மை. அரைக்க உரைகல் இல்லையென்றால் பழைய சிலேட்டுத் துண்டு போதும். சீனத்தின் பேர்போன ஷெ உரைகல்லும் சிலேட்டு வகைக் கல்தான். நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து, வட்டமாக, மெதுவாக அரைக்க வேண்டும். நோயாளி மாதிரி மை அரை, பலசாலி மாதிரி பிரஷ் பிடி என்று சீனத்தில் சொல்வார்கள். கட்டி போன தடத்தைத் தண்ணீர் உடனே மூடாமல், எண்ணெய் மாதிரி ஒரு கணம் தயங்கி மூடினால் பதம். அந்தப் பத்து நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள். தோள் இளகுவது அந்த நேரத்தில்தான். அரைத்து முடித்ததும் கட்டியைத் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு கல்லில் விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கடதாசிதான் மலைநாட்டில் சிக்கல். சீனர்கள் அன்ஹுய் மாகாணத்தில் செய்கிற சுவான் கடதாசியில் இரண்டு விதம் உண்டு. பச்சைக் கடதாசி, அதாவது பக்குவப்படுத்தாதது, மையை இழுத்துப் பரப்பும். பக்குவப்படுத்திய கடதாசி மையை நிறுத்தும். நுண்கோட்டுக்குப் பின்னதுதான் வேண்டும். ஒருமுறை நான் பாடசாலைக் கண்காட்சிக்காக மூன்று மாலை உட்கார்ந்து வரைந்த படத்தைச் சன்னலடியில் காயவிட்டு வந்தேன். மூடுபனி உள்ளே வந்து கடதாசி முழுவதும் ஈரம் குடித்துவிட்டது. கடைசியில் போட்ட கோடெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர்விட்டு நின்றது. அன்று அழுதேன்.

அதற்குப் பிறகு டிமை என்கிற பெரிய வெள்ளைப் பேப்பரை வாங்கி நானே பக்குவம் செய்கிறேன். வேண்டியது ஜெலட்டின் பசையும் சீனாக்காரமும். 1679இல் வெளியான 'கடுகு விதைத் தோட்டம்' என்ற சீன ஓவியக் கையேட்டில் அளவு இருக்கிறது: கோடையில் பசை 7 பங்குக்குக் காரம் 3, குளிர்காலத்தில் பசை 10க்குக் காரம் 3. எங்கள் குளிருக்கு நான் இரண்டாவதைத்தான் எடுக்கிறேன். காரம் கூடினால் கடதாசி நாளடைவில் மொறுமொறுத்து உடையும். பசையை இளஞ்சூட்டு நீரில் தனியாகவும், காரத்தைத் தனியாகவும் கரைத்து, ஆறியதும் சேருங்கள். கஞ்சித்தண்ணீரைவிட நீர்த்ததாக இருக்கட்டும். அகலமான மெத்தென்ற பிரஷால் ஒரே திசையில், போன இடத்துக்கே திரும்பப் போகாமல் பூசி, கொடியில் காயப்போடுங்கள். மறுநாள் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் சரி. இறங்கினால் இன்னொரு பூச்சு. வரைகிற நேரம் காலை வெயில் ஏறிய பிறகு, பனி இறங்குவதற்கு முன்.

பிடியும் மூச்சும்

பிரஷை நிமிர்த்திப் பிடியுங்கள், பேனா மாதிரிச் சாய்க்காமல். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் முன்னாலிருந்து பிடிக்கும். மோதிர விரல் நகத்துப் பக்கத்தால் பின்னாலிருந்து தள்ளும். சுண்டுவிரல் அதற்குத் துணை. உள்ளங்கைக்குள் ஒரு முட்டை வைத்தால் உடையாத அளவு வெளி இருக்க வேண்டும். மணிக்கட்டை மேசையில் ஊன்றாதீர்கள். விரல் நீளத்துக்கு மேற்பட்ட கோடு என்றால் முழங்கையும் எழும்ப வேண்டும்.

பிரஷ் நிமிர்ந்து நின்றால் அதன் நுனி கோட்டின் நட்டநடுவில் ஓடும். இருபுறமும் மை ஒரே அளவாகப் போகும். கோடு உருண்டையாகத் தெரியும். சாய்ந்தால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் பிசிறாகவும் வரும். கூரான ஊசியால் மணலில் கீறியது போல இருக்க வேண்டும் என்று எழுத்துக்கலை ஆசிரியர்கள் சொன்னது இந்த நடுநுனியைத்தான். தொடங்கும்போது போகவேண்டிய திசைக்கு எதிராக ஒரு நூலளவு போய், நுனியை உள்ளே மடித்து, அப்புறம் புறப்படுங்கள். முடிக்கும்போதும் அதே மாதிரி ஒரு நூலளவு திரும்பி நிறுத்துங்கள்.

மூச்சு? இழுத்து நிரப்பி, மெதுவாக விட்டுக்கொண்டே கோட்டை இழுங்கள். மூச்சு முடியும் இடத்தில் கோடு முடியட்டும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. மார்கழி விடியலில் இஸ்தோப்பு வாசலில் அம்மா கம்பிக் கோலம் போடும்போது நான் பார்த்தது. புள்ளி வைக்கும்போது பேசுவார். கம்பி இழுக்கத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். வளைவு முடிந்து விரல் மாவைவிட்டு எழும்பிய பிறகுதான் அடுத்த சொல் வரும்.

நான்கு கோடு

பதினெட்டையும் பழகத் தேவையில்லை. தொடங்க நான்கு போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுங்கள்.

முதல் வாரம் இரும்புக்கம்பிக் கோடு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமன். தாங் அரசர் காலத் தொடக்கத்தில் மத்திய ஆசியாவின் கோத்தானிலிருந்து வந்த யூச்சி யீசெங் கம்பியை வளைத்துச் சுருட்டியது மாதிரி கோடு போட்டதாகப் புகழ் பெற்றவர். நேர்க்கோடு, அப்புறம் அரைவட்டம், அப்புறம் முழுவட்டம். வேகம் மாறினால் பருமன் மாறும், கம்பி காட்டிக்கொடுத்துவிடும். கோலம் போட்ட கை உள்ள பெண்பிள்ளைகள் இதில் இரண்டே நாளில் தேறுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது நூல்கோடு. இதுவும் ஒரே பருமன்தான், ஆனால் பிரஷின் நுனி முடி மட்டும் தொடுகிற மெலிவு. கு காய்ச்சி என்ற 4ஆம் நூற்றாண்டு ஓவியரின் கோட்டை, வசந்தகாலப் பட்டுப்புழு நூல் விடுவதற்கு ஒப்பிட்டார்கள். அவர் பெயரால் வழங்கும் ஒரு பட்டுச் சுருள், பிற்காலத்தில் நகலெடுத்தது, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இங்கே எனக்கு எப்போதும் ஃபாசியன் நினைவு வரும். கு காய்ச்சி காலமான கொஞ்ச வருடத்தில் நம் தீவுக்கு வந்து இரண்டு வருடம் தங்கிய சீனத் துறவி. அநுராதபுரத்தில் புத்தர் சிலை முன்னால் ஒரு வணிகர் சீனத்து வெள்ளைப் பட்டு விசிறியைப் படைப்பதைக் கண்டு கண்ணீர் விட்டதாக அவரே எழுதியிருக்கிறார். இந்தக் கோடு பிறந்தது அந்த மாதிரிப் பட்டின் மேல்தான்.

மூன்றாவது ஆணித்தலை எலிவால். அழுத்து, ஒரு கணம் நில், புறப்படு, போகப்போகத் தூக்கு. தலை தடிப்பாக, வால் ஊசியாக. இலைக்காம்புக்கும் விரலுக்கும் இதுதான்.

நான்காவது அட்டை. மூன்றும் கைவந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். இதற்கு நான் பிள்ளைகளுக்கு மாணாப்புல் கொடுப்பேன். ஓர் இலையைப் பறித்துக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பாருங்கள். தட்டையான பக்கம் தெரியும்போது அகலம், விளிம்பு திரும்பும்போது நூல், மறுபடி அகலம், அப்புறம் நுனி. பிரஷும் அப்படியே: இறக்கு, தூக்கு, இறக்கு, விடு. சீனத்தில் இதே கையசைவால் ஆர்க்கிட் இலை வரைவார்கள். நடுவில் பருக்கும் இடத்துக்குக் கும்பிடுபூச்சியின் வயிறு என்றும் நுனிக்கு எலிவால் என்றும் பெயர். முதல் இலை நீளமாக. இரண்டாவது அதைக் குறுக்கே வெட்டும்போது நடுவில் ஒரு கண் வடிவம் விழும். மூன்றாவது இலை அந்தக் கண்ணைக் குத்திக்கொண்டு போகும். மூன்றாவதைத் தள்ளிப் போட்டால் மூன்று இலையும் மூன்று குடும்பமாக நிற்கும்.

போட்ட கோட்டின் மேல் திரும்பப் போகக் கூடாது. பிழைத்தால் பிழைத்ததுதான், அடுத்த கடதாசி.

மழையும் காற்றும்

இனி ஆளை வரையலாம். சீனத்தில் உடைமடிப்புக்கு இரண்டு பழைய பெயர்கள் சேர்த்துச் சொல்லப்படும். ஒருவர் ட்சாவ் சொங்தா, 6ஆம் நூற்றாண்டு, மத்திய ஆசியாவிலிருந்து வந்தவர். அவர் வரைந்த உடை தண்ணீரிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்த மாதிரி உடம்போடு ஒட்டியிருக்கும். மற்றவர் 8ஆம் நூற்றாண்டு வூ தாவ்சி. அவர் வரைந்த இடைக்கச்சை காற்றில் பறக்கும். அவர் தெய்வ உருவத்தின் தலையொளி வட்டத்தை ஒரே வீச்சில் போடுவதைப் பார்க்கச் சாங்ஆன் நகரத்து மக்கள் திரண்டு நின்றார்களாம்.

இந்த இரண்டையும் நாங்கள் ஒரே நாளில் பார்ப்பவர்கள். காலையில் ஹட்டன் மழையில் நனைந்த சேலை கெண்டைக்காலோடு ஒட்டிக் கிடக்கும். அதற்கு நெருக்கமான, மெல்லிய, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் நூல்கோடுகள். உடம்பு உருண்டையாக உள்ள இடத்தில் கோடும் வளைந்து சுற்ற வேண்டும். மத்தியானம் மேட்டில் காற்று அடித்தால் முந்தானை கிளம்பும். அதற்கு அட்டைக்கோடு. தோளில் இறுகித் தொடங்கி, நடுவில் பருத்து, நுனியில் எங்கும் முட்டாமல் விட்டுவிட வேண்டும்.

நான் 14 வயதில் முதலில் முடித்த படம் அம்மா கொழுந்துக் கூடையோடு நிற்பது. எல்லாவற்றையும் ஒரே கோட்டால் போட்டிருந்தேன். சீனத்து ஐயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை இழுத்தார். நூல் விண்ணென்று நின்றது. தளர்த்தினார், தொங்கியது. பிறகு என் படத்தில் கூடைக் கயிற்றைத் தொட்டு, "எது?" என்று கேட்டார்.

கயிறு தலையிலிருந்து கூடைக்கு இறங்குகிறது. பின்னால் கொழுந்தின் பாரம். அது இரும்புக்கம்பி, வேறொன்றும் அல்ல. இடுப்பில் கட்டிய படங்கு என்ற தடித்த விரிப்பு, துணி மாதிரி மடியாது, விறைத்து மூலைமூலையாக உடையும். அதற்கு முறிந்த நாணல் கோடு: நேராகப் போ, நில், பிரஷை அழுத்தித் திசை மாற்று, மறுபடி நேராகப் போ. முந்தானைக்கு அட்டை. கழுத்துக்கும் கன்னத்துக்கும் நூல். விரல்களுக்கு ஆணித்தலை எலிவால். ஒரே ஆள், ஐந்து கோடு. வரைய உட்காரும்போது இது என்ன பொருள் என்று கேட்காமல், எங்கே இழுபடுகிறது, எங்கே தொங்குகிறது, எங்கே விறைத்து நிற்கிறது என்று கேளுங்கள். கேட்டதும் எந்தக் கோடு என்று கை சொல்லிவிடும். இருபது வருட வகுப்பில் நான் திரும்பத் திரும்பக் கேட்டதும் அந்த ஒரு கேள்விதான்: எது?

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் முகம், அதிலும் கண்ணிமையின் மேற்கோடு. கை தெளிவாக இருக்கும்போதே அது முடிய வேண்டும். அப்புறம் கைவிரல். அப்புறம் கயிறு, கூடை. உடை கடைசியில். முகத்துக்கும் கைக்கும் மையில் கொஞ்சம் தண்ணீர் கூட்டி வெளிறிய கோடு போடுங்கள். தலைமுடிக்கும் கயிற்றுக்கும் கெட்டி மை. காலடியில் தேயிலைச் செடி வேண்டுமென்றால் மூன்று தளிர் போதும். இலை ஓரத்துப் பற்களை எண்ணி எண்ணிப் போடாதீர்கள். நடுநரம்பை முதலில் இழுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு. இரண்டு இலை, ஒரு மொட்டு.

முடிந்ததும் பிரஷை உடனே கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், முடியைக் கட்டியிருக்கும் பசை இளகிவிடும். பீலித் தண்ணீரே நல்லது. உள்ளங்கையில் வைத்து, அடிமுடியிலிருந்து நுனிப் பக்கமாக மெதுவாகப் பிழிந்து, கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் கழுவி, விரலால் நுனியைக் கூராக்குங்கள். குவளையில் தலைகீழாகக் குத்தி வைக்காதீர்கள். நிமிர்த்தியும் வைக்காதீர்கள், ஈரம் காம்புக்குள் இறங்கி அழுகும். காம்பின் முனையில் நூல் கட்டி, நுனி கீழே பார்க்க ஆணியில் தொங்கவிடுங்கள். எங்கள் ஈரத்துக்கு என் பிரஷ்கள் அடுப்படிச் சுவரில், புகை படாத பக்கமாகத் தொங்குகின்றன. காலையில் எடுக்கும்போது நுனி காய்ந்து ஒரே முள்ளாக இருக்கும். அப்படியே மையில் தோய்க்காமல், முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றிவிட்டுத் தொடங்குங்கள்.